கடைமடைக்கும் தண்ணி வரணும்ல

ஏய் குண்டூசி,

எப்படிடி இருக்க. அத்தானுக்கு சுகர் இறங்குச்சா, பெரியவ பிரசவத்துக்கு எப்ப வர்றா, எல்லாம் போன்ல சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம், மாமியார் இன்னும் என் சாம்பாரை குறை சொல்றாங்க, அதனால நல்லாத்தான் இருக்காங்கன்னு அர்த்தம். நீ பொங்கலுக்கு போட்ட மெசேஜுக்கு இப்பத்தான் பதிலான்னு திட்டுவ, முழுசா படிச்சிட்டு திட்டு.

விஷயம் என்னன்னா என்னை நம்ம மாடித்தோட்ட வாட்ஸப் குரூப்புக்கு அட்மின் ஆக்கிட்டாங்க. சிரிக்காதடி. ஹாஸ்டல் மெஸ் கணக்குல நான் பண்ண கூத்து உனக்குத்தானே தெரியும், இவங்களுக்கு எங்க தெரியும்.

மன்னார்குடிக்காரங்க நாலு பேர் கத்திரி நாத்து மாத்திக்க ஆரம்பிச்ச குரூப்பு, இப்ப தஞ்சாவூர்லேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஆளுங்க. காலைல எந்திரிச்சா ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், ராசிபலன், யாரோ வீட்டு காதுகுத்து பத்திரிகை, அதுக்கு நடுவுல பாவம் ஒருத்தர் மொளகா செடி போட்டோ போட்டு இலை சுருளுதுன்னு கேட்டிருப்பாரு. உடனே ஒருத்தர் புளிச்ச மோர் அடிங்கங்குறாரு, ஒருத்தர் பஞ்சகவ்யாங்குறாரு, மீன் அமிலம்னு ஒருத்தர், பிடுங்கிப் போட்டுட்டு வேற வைங்கன்னு ஒரு மகராசன். இலை மேல்பக்கமா சுருளுதா கீழ்பக்கமா கவுந்துருக்கான்னு ஒருத்தராவது கேக்கணுமேடி! மேல சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன், வேப்பெண்ணெய் அடிச்சு பாக்கலாம், கீழ கவுந்தா சிலந்திப்பேன், அதுக்கு தண்ணில கரைக்கிற நனையும் கந்தகம். சீக்கு என்னன்னு தெரியாமயே ஆளாளுக்கு மருந்து எழுதுறாங்க.

ஆனா இதெல்லாம் சிரிச்சுட்டு விட்டுருப்பேன். தலைஞாயிறு பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா இருந்தாங்க, பேசவே மாட்டாங்க, யாராவது காய் பறிச்ச போட்டோ போட்டா ஒரு கும்பிடு போடுவாங்க, அவ்வளவுதான். அவங்க ஒரே ஒரு தடவை கேட்டாங்க, சித்திரைல போட்ட கொடி அவரை மாடி பூரா படர்ந்துருச்சு ஒரு பூ கூட இல்லையே, என்ன பண்றதுன்னு. நம்ம நாட்டு கொடி அவரை பகல் குறைஞ்சு பனி இறங்கினாத்தான் பூக்கும், ஆடில போட்டாலும் கார்த்திகை மார்கழிலதான் காய், சித்திரைல போட்டா அதுவரைக்கும் வெறும் இலைதான். இது எங்க குரூப்புல பாதி பேருக்குத் தெரியும். ஆனா அந்த நேரம் பாத்து ஒருத்தர் வீட்டு டிராகன் ப்ரூட் பூத்துருச்சு, நூறு பேர் கைதட்டல், அக்கா கேள்வி அடியில போயிருச்சு. அவங்க கொடியை வெட்டி மாட்டுக்கு போட்டுட்டு குரூப்பை விட்டே போயிட்டாங்க. இதை அவங்க தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு மனசே ஆறலடி. ஜூன் 12ல மேட்டூர் அணை திறந்தா, தண்ணி மொதல்ல வர்ற தலைமடைக்காரன் முங்க முங்க பாய்ச்சிருவான், தலைஞாயிறு பக்கத்து வாய்க்கா வாய பொளந்துகிட்டு கெடக்கும். முறை வச்சாத்தானே வாய்க்கா கடைசில இருக்குற கடைமடைக்கு சொட்டு வரும். எங்க குரூப்பும் அப்படியேதான் இருக்கு, சத்தமா பேசறவங்களுக்கே தண்ணி.

அதான் கொஞ்சமா முறை வச்சிருக்கேன். செடிக்கு சீக்குன்னு கேட்டா ஊர் பேரு, தொட்டியா தரையா, எத்தனை மணி நேரம் வெயிலு, போர் தண்ணி உப்பா நல்லதா, கூட இலையோட அடிப்பக்க போட்டோ, இவ்வளவும் சொல்லிருங்கன்னு. நாகப்பட்டினம் உப்புத் தண்ணிக்கு கும்பகோணத்து வைத்தியம் சொன்னா செடி சாகத்தானே செய்யும். விதை வேணும்னு கேக்கறதெல்லாம் சனிக்கிழமை மட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் உக்காந்து பதில் வராத கேள்வியெல்லாம் தேடி எடுத்து மறுபடி போடுவேன். அப்புறம் இந்த பட்டத்துல, அதான் விதைக்கிற பருவத்துல, எதை போடலாம்னு ஒரு சின்ன குறிப்பு மேல பின் பண்ணி வைக்கிறேன், வாட்ஸப்புல பின் 30 நாளைக்கு மேல நிக்காது, நல்லதாப் போச்சு, மாசம் பொறந்தா மாத்திட வேண்டியதுதான்.

உடனே ரிட்டயர்டு தாசில்தார் அண்ணன் கெளம்பிட்டாரு. "ஏம்மா, நான் முப்பது வருஷம் கொடுத்த படிவத்தை இப்ப எனக்கே கொடுக்கிறியா"ன்னு! சொன்னது நியாயந்தான், நானே சிரிச்சுட்டேன். இன்னொரு பொண்ணு ரெண்டு பக்கத்துக்கு விதிமுறை டைப் பண்ணி கொண்டாந்துச்சு, மீறினா நீக்கம்னு. வேணாம் தாயின்னுட்டேன். பூத்தது காய்ச்சது போட்டோவை யாரும் எப்ப வேணா போடலாம், அந்த சந்தோஷத்துக்குத்தானே வந்தாங்க. குட்மார்னிங்கை என்ன பண்றதுன்னுதான் தெரியல, சில பெருசுங்களுக்கு நாம உசுரோட இருக்கோம்னு சொல்ற வழியே அதுதான், எப்படிடி நிறுத்த சொல்றது?

விதைக்கு மட்டும் கொஞ்சம் கறாரா இருக்கேன். ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் உசுரோட இருந்தப்ப பாரம்பரிய நெல் திருவிழா நடத்துவாருல்ல, 2 கிலோ விதை நெல் வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும், அவ்வளவுதான் சட்டம். அதையே எடுத்துகிட்டேன், ஒரு பொட்டலம் வாங்கினா அடுத்த பட்டத்துல ரெண்டா வரணும். பொட்டலத்து மேல எப்ப எடுத்த விதை, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு எழுதணும். ஏன்னா அவரை தக்காளி பெருசா கலக்காது, சுரை அப்படியில்ல, குடுவை சுரையும் நீட்டு சுரையும் பக்கத்து பக்கத்துல இருந்தா பூச்சிங்க கலந்து விட்டுரும், அடுத்த வருஷம் ரெண்டுங்கெட்டானா ஒண்ணு தொங்கும்.

இப்ப உன் வேலைக்கு வர்றேன். லைப்ரரில இத்தனை வருஷம் புஸ்தகத்துக்கு நம்பர் ஒட்டினவ நீ, எங்க விதைக்கு ஒரு நோட்டு போட்டுக் குடு, யாரு வாங்கினா யாரு திருப்பலன்னு. கம்ப்யூட்டர்ல வேணாம், கோடு போட்ட நோட்டு போதும். உனக்குத்தான் ஒழுங்கா கோடு போட வரும்.

தலைஞாயிறு அக்காவுக்கு போன் பண்ணினேன். எடுத்தாங்க, ரெண்டு வார்த்தை பேசினாங்க, வர்றேன்னும் சொல்லல வரலன்னும் சொல்லல. ஆடி பொறந்ததும் அவரை விதை தபால்ல அனுப்பறேன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

நீ வர்றப்ப அந்த தம்பட்டை அவரையை மறந்துடாத. போன வருஷம் என்கிட்ட வாங்கினது ஒண்ணு, வர வேண்டியது ரெண்டு, பிரெண்டுங்கறதுக்காக தள்ளுபடியெல்லாம் கெடையாது.

உன்
வாத்து