தாய்வானில், சின்சுவில் இருக்கும் மகளுக்கு

திருகோணமலை
ஞாயிறு காலை

அன்பு மகள் மதிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் மாத்திரையை அரையாக்கிவிட்டார்கள். தம்பலகாமத்துப் பெரியப்பாவின் வயல் டித்வா புயல் வெள்ளத்தில் போனது உனக்குத் தெரியும். பாதியை மட்டும் திரும்ப விதைத்திருக்கிறார். அக்கா பொங்கலுக்கு வந்து போனாள்.

போனில் கதைக்கலாமே, அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ "ம், சாப்பிட்டன், வேலை கூட" என்று முடித்துவிடுகிறாய். அம்மாவிடம் கொடுத்தால் குரல் மாறுகிறது. அவ போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறா. கதையுங்கள், அதில் எனக்கு ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்ததுதான் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிற்கிறது. எழுதினால் நீ நடுவில் "அப்பா, லைன் சரியில்லை" என்று வைக்க முடியாது.

போன தடவை ஒன்று சொன்னாய். "தாய்வானை ஒருத்தரும் தொடமாட்டினம் அப்பா, எங்கட சிப் இல்லாமல் அவையளுக்கும் ஒன்றும் ஓடாது." சிலிக்கன் கேடயம் என்று அதற்குப் பெயர் இருப்பதாகவும் சொன்னாய். அன்றிலிருந்து அதையேதான் யோசிக்கிறேன். கராஜில் ஒரு வயரைப் பிடித்தால் அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் விட எனக்குத் தெரியாது, அது உனக்கும் தெரியும்.

நீ செய்யும் சாமானின் அருமை எனக்கு விளங்கியதே கராஜில்தான். 2020இல் கொரோனா வந்ததும் கார்க் கொம்பனிகள் சிப் ஓடர்களை நிறுத்தினார்கள். அந்த இடத்தை மடிக்கணினிக்காரரும் போன்காரரும் பிடித்துக்கொண்டார்கள். கார் திரும்ப விற்கத் தொடங்கியபோது இவர்கள் வரிசையில் கடைசி. அதற்கு மேல் 2021 பெப்ரவரியில் டெக்சாசில் பனிப்புயல், மார்ச்சில் யப்பானில் றெனெசாஸ் தொழிற்சாலையில் தீ. ஃபோர்ட் கொம்பனி சிப் வரும்வரை முடியாத வாகனங்களை வெளியில் நிரை நிரையாக நிறுத்தி வைத்திருந்தது. நமக்கு 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதியே இல்லை. ஆகவே புதுசு வராத கவலை இல்லை, பழையதில் ஈசியூ, இன்ஜினை நடத்துகிற கணினிப் பெட்டி, எரிந்தால்தான் கவலை. கழற்றின பெட்டி ஒன்றுக்குப் பஞ்சிகாவத்தையில் என்ன விலை சொன்னார்கள்? அந்த நீல வான் வண்டியின் கதையைக் கேட்டு நீ சிரித்தாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

பிறகு 2025இல் நெக்ஸ்பீரியா என்ற சிப் கொம்பனியின் விவகாரம் வந்தது. தலைமையகம் நெதர்லாந்தில், முதலாளி சீனாக் கொம்பனி. செப்டம்பர் கடைசியில் நெதர்லாந்து அரசு அதன் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. ஒக்டோபரில் சீனா, டொங்குவான் தொழிற்சாலையிலிருந்து சாமான் வெளியே போகாமல் மறித்தது. மெக்சிக்கோவில் ஹொண்டா கார் செய்வதை நிறுத்தியது. என்ன பெரிய சாமான்? டயோட், டிரான்சிஸ்டர். இவ்வளவு காலமும் நான் ஓல்டனேட்டரில் கழற்றிப் போட்ட வகை. நீங்கள் நனோமீற்றரில் கணக்குப் பார்க்கிறீர்கள், இது ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுத் தருகிற சாமான். இதற்கே இரண்டு அரசுகள் கை நீட்டுகின்றன என்றால், உலகத்தின் அதி நுண்ணிய சிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவு செய்யும் தீவை நோக்கி எத்தனை கை நீளும்?

கோபப்படாதே. உன் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. நீ அனுப்பின படம், கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்புப் படம், அதைப் பெரிதாக்கி கராஜ் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் டாக்டரா என்று கேட்கிறார்கள். இல்லை, டாக்டரின் ஸ்கேன் மெஷினுக்குள் இருப்பதைச் செய்கிறவள் என்று சொல்கிறேன். தகரத் துளியை ஒரு வினாடிக்கு 50,000 தடவை லேசரால் அடித்து வெளிச்சம் எடுக்கிறார்கள் என்று நீ சொன்னதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒருவரும் நம்பவில்லை. பெரியப்பா மட்டும், "அப்ப கண்ணாடி எப்பிடி அழுக்காகாமல் இருக்கும்?" என்று கேட்டார். அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுது.

சரி, கேடயத்துக்கு வருகிறேன்.

நம் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை வெள்ளைக்காரர் 1930களில் கட்டினார்கள். இந்தத் துறைமுகம் இருக்கும்வரை நம்மை விடமாட்டார்கள், பெரிய கப்பல்கள் காவல் நிற்கும் என்றுதான் அன்று ஊரும் நம்பியது. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பான் விமானங்கள் வந்தன. ஊரைப் பிடிக்க வரவில்லை மகள். ஒரு சிப்பாய்கூட இறங்கவில்லை. துறைமுகத்தில் குண்டு போட்டார்கள், எண்ணெய்த் தாங்கியை எரித்தார்கள், அன்றே மட்டக்களப்புக் கடலில் வெள்ளைக்காரரின் ஹேர்மிஸ் கப்பலைத் தாழ்த்தினார்கள், போய்விட்டார்கள். தங்களுக்கு வேண்டும் என்று அல்ல, மற்றவனிடம் இருக்கக்கூடாது என்று. உன் கேடயக் கணக்கில் பிடிக்க வருகிறவன் மட்டும்தான் இருக்கிறான். எரித்துவிட்டுப் போக வருகிறவன் இல்லை.

உன் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்குகிறது. சின்சுவைப் பிடித்தாலும் பயன் இல்லை. மெஷின் நெதர்லாந்தில் ஏஎஸ்எம்எல் கொம்பனி செய்தது, இரசாயனம் யப்பானிலிருந்து வருகிறது, வரைகிற மென்பொருள் அமெரிக்காவுடையது. அவை நின்றால் உங்கள் இடமும் நிற்கும். 2019இல் யப்பான் மூன்று இரசாயனத்துக்குக் கட்டுப்பாடு போட்டதும் கொரியாக்காரர் பட்ட பாடு நீ சொன்னதுதான். துறைமுகத்தைப் பிடித்தால் அது துறைமுகமாகவே இருக்கும், சிப் தொழிற்சாலை அப்படி இல்லை. அந்த இடத்தில் உன் வாதம் என்னுடையதைவிட நல்லது. ஆனால் 2022இலிருந்து நடப்பதைப் பார். அமெரிக்கா அந்த ஒக்டோபரில் சீனாவுக்கு நுண்ணிய சிப்பையும் அதைச் செய்யும் மெஷினையும் மறித்தது. அடுத்த வருடம் சீனா, சிப்புக்கு வேண்டிய கல்லியத்தையும் ஜெர்மேனியத்தையும் அனுமதிப் பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொருவனும் தன்னிடம் உள்ள கதவைச் சாத்திப் பார்க்கிறான். எல்லாருக்கும் வேண்டிய வீடு நடுவில் நிற்கிறது, அந்த வீட்டில்தான் என் பிள்ளை நைட் ஷிப்ட் செய்கிறாள்.

சுடாமலும் ஒரு தீவை நெரிக்கலாம். அதற்குப் புத்தகம் வேண்டாம், 2022 போதும். 99 தாங்கி நிற்கிற ஊரில், கியூஆர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பெற்றோல் செட் வாசலில் இரவிரவாக ஓட்டோவுக்குள் படுத்தோம். கப்பல் வெளியில் நிற்கிறது, டொலர் இல்லை, அவ்வளவுதான். தாங்கிகளில் எது யாருக்கு என்று அதே வருடம் ஜனவரியில்தான் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், 14 அவர்களுக்கு, 24 நமக்கு, 61 கூட்டாக. ஒப்பந்தத்தில் இருந்தது, வண்டியில் இல்லை. தாய்வானுக்கும் எரிபொருள் ஏறக்குறைய முழுவதும் கப்பலில்தான் வருகிறது. எரிவாயுக் கையிருப்பு 11 நாள் கணக்கு என்று வாசித்தேன். கடைசி அணு உலையையும் 2025 மேயில் மூடிவிட்டார்கள். உங்கள் தொழிற்சாலைகள் குடிக்கும் மின்சாரம் எவ்வளவு என்று நீதான் சொன்னாய். கப்பல்களைச் சும்மா மறித்து நிறுத்தினாலே போதும். சீனாக்காரர் 2022 ஓகஸ்டில் ஏவுகணை விட்டுப் பழகினார்கள், 2024இல் இரண்டு தரம் தீவைச் சுற்றி வளைத்துப் பழகினார்கள், 2025இலும் பழகினார்கள். சீனாவுக்கும் உங்களுக்கும் நடுவில் கடல் ஒடுங்கிய இடத்தில் 130 கிலோமீற்றர். இங்கிருந்து அநுராதபுரத்துக்குப் போகிற தூரம், இன்னும் கொஞ்சம்.

அங்கே நமக்குத் தூதரகமும் இல்லை. இலங்கை பீக்கிங்கை ஏற்றுக்கொண்ட நாடு. ஏதும் நடந்தால் யாருடைய வாசலில் போய் நிற்பாய்? கடவுச்சீட்டை ஒபிசில் வைக்காதே. பட்டச் சான்றிதழின் மூலப் பிரதி எங்கே இருக்கிறது? கதவுக்குப் பின்னால் தொங்கின பச்சைப் பை உனக்கு நினைவிருக்காது, அக்காவிடம் கேள். அப்படி ஒரு பை கட்டி வை. காசு கொஞ்சம் டொலராக வை. கடவுச்சீட்டு அந்தப் பைக்குள், ஒபிசில் அல்ல.

பெரியப்பாவிடம் 2021 வறட்சிக் கதையையும் சொன்னேன். ஐம்பத்தாறு வருடத்தில் காணாத வறட்சி, சின்சுப் பக்கத்து வயல்களுக்கு வாய்க்காலை மூடி, நட்டஈடு கொடுத்து, சிப் தொழிற்சாலைகளுக்குத் தண்ணி பவுசரில் போனது என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கந்தளாய்க் குளத்தை அப்பிடி மூடியிருந்தால் நாங்கள் கச்சேரி ஒபிசைப் பூட்டியிருப்பம். அந்தச் சனம் நல்ல சனம்" என்றார். அந்தச் சனம் நல்ல சனம் என்பதை நானும் மறுக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள்தானே. கஞ்சி கொண்டுவந்தவருக்குப் பெயர் ஒன்று இருக்கும். அதை நீ ஒரு நாளும் சொல்லவில்லை.

வேறு இடத்திலும் இதே வேலை இருக்கிறது. தாய்வானின் பெரிய சிப் கொம்பனி டிஎஸ்எம்சி யப்பானில் குமமோட்டோவில் 2024 பெப்ரவரியில் தொழிற்சாலை திறந்தது. அரிசோனாவிலும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் டிறெஸ்டனில் கட்டுகிறார்கள். உன் அனுபவத்துக்கு எங்கும் எடுப்பார்கள். ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதில் என்ன குறைந்துவிடும்? போகச் சொல்லவில்லை, போட்டு வை என்கிறேன். அதுவரை வாடகை வீடு நல்லது. வாடகை வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு ஒரு பையோடு இறங்கலாம். சொந்த வீட்டை விட்டு அப்படி இறங்க முடியாது. இறங்கினவன் சொல்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு மறைத்து என்ன. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவவோடு கோபிக்காதே. மச்சாள் அக்காவிடம் சொல்லி, அக்கா பொங்கலன்று வாய் தவறிச் சொன்னாள். சின்சுவுக்குப் பக்கத்து ஜுபெய் நகரில் பிளாட் பார்த்திருக்கிறாயாம். முன்பணம் கொடுக்கும் கட்டமாம். ஊரெல்லாம் தெரிந்த பிறகு அப்பாவுக்குத் தெரியவேண்டும் என்று வைத்திருந்தாயா? உனக்கு முதல் மல்டிமீற்றர் வாங்கித் தந்தது யார்?

அக்கா போன பிறகு தாத்தாவின் ஞாபகம்தான் வந்தது. உப்புவெளி வீட்டை நான் இரண்டாம் தரம் கட்ட அத்திவாரம் வெட்டின அன்று அவர் வந்து நின்று, "இந்த ஊரிலயா திரும்பவும்? எல்லாருக்கும் கண் உள்ள இடம். கொழும்பில ஒரு அறையை எடு" என்றார். ஒருவர் பின் ஒருவராக ஆள வரும் அந்நியரைச் சொல்லும் கோட்டை வாசல் கல்வெட்டையும் இழுத்தார், பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று. இந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் அவர் அன்று எனக்குச் சொன்னதுதான், சிப் மட்டும் புதிது. நான் கேட்கவில்லை. கட்டினேன். நீ அந்த வீட்டில்தான் பிறந்தாய்.

வாங்குவதென்றால் சிலது பார்க்கவேண்டும். 1999 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு இறுக்கின விதிப்படி கட்டினதா என்று கேள். கீழ்த் தளத்தைக் கடைக்காகச் சுவரில்லாமல் தூணில் மட்டும் விட்ட கட்டடத்தை எடுக்காதே, நிலம் ஆடினால் முதலில் இடிந்து விழுவது அதுதான். மெயின் ஸ்விச் போர்டைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, வயரிங்கை நான் பார்த்துச் சொல்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரி பெயரில் உறுதி எழுத அந்த நாட்டுச் சட்டம் விடுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேள். வேறு ஒருவர் பெயரில் எழுதுவதென்றால் அந்த வேறு ஒருவர் யார் என்று எனக்கும் சொல்லு.

தம்பலகாமத்தில் உன் பங்குக் காணி பற்றிப் பெரியப்பாவுடன் கதைத்திருக்கிறேன். வெள்ளத்தோடு இப்போது விலை இல்லை, சித்திரை வரை பொறுக்கச் சொல்கிறார். அதற்கு முன் முன்பணத்துக்குக் குறைந்தால் அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல்லு.

அன்புடன்,
அப்பா

பி.கு. குமமோட்டோவுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வை.