தரம் ஒன்று எடுக்கப்போகும் மச்சாளுக்கு

லண்டன்
ஐப்பசி மாதம்

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரர் துணை. வருகிற தை மாதம் தரம் 1 உங்கட பொறுப்பில் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், பெரிய சந்தோசம். இங்கே ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் ஒரு கிழமை எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள். உதவி ஆசிரியையாக அந்த வகுப்புக்குள்ளேயே நிற்பதால் விபரமாகவே எழுதுகிறேன்.

இந்த வயதில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைக்கு மேல் வைக்க இங்கே சட்டம் விடாது. ஆனால் கிழமையைத் தாங்கிப் பிடிப்பது அது இல்லை. இன்றைக்குப் பிடிபடாததை இன்றைக்கே பிடிபட வைக்க வேணும், நாளைக்குத் தள்ளக்கூடாது. நேரசூசி முழுவதும் அதைச் சுற்றித்தான் போடப்பட்டிருக்கிறது.

காலையில் ஒலிப் பாடம். ஐந்து நாளும் தவறாது, ஏறக்குறைய அரை மணித்தியாலம். பழைய எழுத்து அட்டைகளை மூன்று நிமிடம் வேகமாகக் காட்டுவார்கள். பிறகு ஒரு புது ஒலி, ஒன்றே ஒன்று. அடுத்து அந்த ஒலி வரும் ஐந்தாறு சொற்களை எழுத்துக்கூட்டி வாசிப்பது, கடைசியாக ஒரு வசனத்தை வாசிப்பது அல்லது எழுதுவது. திங்கள் முதல் வியாழன் மட்டும் புது ஒலி, வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்றும் இல்லை, அந்த நான்கையும் திரும்பப் பார்ப்பதுதான். அட்டைகளை ஒவ்வொரு நாளும் கலைத்துப் போட வேணும். "க ங ச ஞ ட ண" என்று பாட்டாகப் பாடும் பிள்ளைக்கு ட-வைத் தனியே எடுத்துக் காட்டினால் தெரியாமல் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இங்கே ஆசிரியருக்கு முதலில் பழக்குவது ஒலியைச் சுத்தமாகச் சொல்வது. 'ம்' என்றால் உதட்டை மூடி "ம்ம்ம்", அவ்வளவுதான். "மஅ" என்று வால் சேர்த்தால், எழுத்துக்கூட்டும்போது பிள்ளைக்குச் சொல் வராது. இதை யோசித்தால் எங்கட வகுப்புகள் ஞாபகம் வரும். நாங்கள் "இக்கும் ஆவும் கா" என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த 'இ' எங்கே போனது என்று பிள்ளைக்கு விளங்காது. அதனால் சில பிள்ளைகள் "இக்-ஆ, இகா" என்று நிற்கும். பெயர் 'இக்' ஆக இருக்கட்டும், கூட்டும்போது மட்டும் 'க்' என்ற வெட்டுச் சத்தத்தைச் சொல்லுங்கள். துவங்குவதற்கு நீட்டிச் சொல்லக்கூடிய ம், ந் நல்லது: "ம்ம்ம்-ஆ, மா". க், ட், ப் எல்லாம் நீட்ட முடியாதவை, கொஞ்சம் பிந்தி எடுங்கள். ஆசிரியர் வழிகாட்டியில் இருக்கும் ஒழுங்கை மாற்றச் சொல்லவில்லை, வாயால் கூட்டிப் பழக்கும் விளையாட்டுக்குத்தான் இது.

அதைவிடக் கஷ்டமான இடம் கொம்பு. ஆங்கிலத்தில் 'கேக்' (cake) என்ற சொல்லில் நான்கு எழுத்து. இரண்டாம் எழுத்தும் கடைசி எழுத்தும் சேர்ந்துதான் 'ஏ' ஒலியைத் தருகின்றன, நடுவில் வேறோர் எழுத்து குந்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இங்கே தடக்குப்படுவது அதிகம். எங்கட 'கொ' அதே சாதிதான்: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. 'கெ'யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய்க்கு முதலில் வருவது க். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை அதில் குழம்புவது சரியான காரணத்தோடுதான், அது கவனமில்லாத பிள்ளை இல்லை.

இங்கே செய்வது இதுதான்: ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்றால் கீழே ஒரு புள்ளி, இரண்டு எழுத்துச் சேர்ந்து ஓர் ஒலி என்றால் கீழே ஒரு கோடு, பிரிந்து நின்றால் இரண்டையும் தொடுக்கும் வளைகோடு. 'கொடி' என்று எழுதி, கொம்பிலிருந்து காலுக்குக் கீழால் ஒரு வளைகோடு போட்டுப் பாருங்கள். கொம்பையும் காலையும் சிவப்பு வெண்கட்டியால், க-வை வெள்ளையால். "முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு" என்று ஒரு கிழமை சொன்னால் கண் பழகிவிடும்.

பிடிபடாத பிள்ளையைக் கண்டுபிடிப்பது எப்படி? எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது தெரியாது, முப்பது வாய்க்குள் ஐந்து வாய் ஒளிந்துகொள்ளும். அதற்காகத்தான் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சின்ன வெள்ளைப் பலகை. எழுதி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, "காட்டு" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க வேணும். அணைத்துப் பிடிக்காவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் பாதிப்பேர் எழுதுவார்கள். அங்கே பலகை தேவையில்லை. வெள்ளைத் தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் செருகினால் மேலே எழுதித் துணியால் துடைக்கலாம்.

பிழையாகக் காட்டியவர்களின் பெயர் அந்த நேரமே ஒரு சின்னக் கொப்பியில் ஏறும்: திகதி, ஒலி, பெயர், வேறொன்றும் வேண்டாம். பின்னேரம் அந்த நான்கைந்து பேரையும் கூட்டிக்கொண்டுபோய் பத்து நிமிடம் அதே ஒலியை, அதே அட்டையால் திரும்ப எடுப்பது என் வேலை. உங்களுக்கு உதவிக்கு ஆள் இல்லை என்று தெரியும். மற்றப் பிள்ளைகள் படம் வரையும் அல்லது எழுதும் நேரத்தில் வாசல் பக்கம் பாய் போட்டு ஐந்து நிமிடம் போதும். ஆட்கள் ஒவ்வொரு நாளும் மாறுவார்கள், அதனால் "மொக்குப் பிள்ளைகளின் பாய்" என்ற பெயர் அதற்கு வராது. ஒரே பெயர் ஒரு கிழமையில் மூன்று முறை ஏறினால் காதையும் கண்ணையும் பார்க்க வேணும், வீட்டாரோடு கதையுங்கள்.

கணிதத்தில் ஒரு சாமானை மட்டும் சொல்கிறேன். ஐந்து ஐந்தாக இரண்டு வரி, பத்துக் கட்டம். மட்டையில் ஒரு கட்டம் ஐந்து சென்ரிமீற்றர் என்றால் முழு அட்டை 25-க்கு 10. அதில் புளியங்கொட்டை ஏழை வைத்தால், ஐந்தும் இரண்டும் என்பதும், பத்துக்கு இன்னும் மூன்று என்பதும் எண்ணாமலே தெரியும். பதின்மூன்றுக்கு இரண்டு அட்டை வேணும்: ஒன்று நிரம்பும், மற்றதில் மூன்று. ஆங்கிலத்தில் 13-ஐச் சொல்லும்போது மூன்றுதான் முதலில் வரும், அதனால் இங்கே பிள்ளைகள் 31 என்று எழுதிவிடுவார்கள். எங்கட 'பதின்மூன்று' பத்தை முதலில் சொல்லிவிடுகிறது. ஆனால் எங்கட பிள்ளை 103 என்று எழுதப் பார்க்கும், பத்தும் மூன்றும் கேட்டதால். அட்டை இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அது திருந்தும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு 'தொண்ணூறு' என்பதில் நூறு கேட்பதால் அங்கேயும் கவனம்.

எழுத்து வேலையில், வசனத்தை முதலில் வாயால் சொல்லி, விரல் மடக்கிச் சொற்களை எண்ணி, பிறகுதான் பென்சில். எழுதி முடிந்ததும் தானே வாசித்துப் பார்க்க வேணும். விட்டுப்போன சொல்லை விரல் காட்டிக் கொடுக்கும்.

வாசிப்புப் புத்தகமும் கிழமைக்கு ஒன்றுதான், அதையே மூன்று நாள். முதல் நாள் கூட்டி வாசிக்க, இரண்டாம் நாள் கதைப்பதுபோல வாசிக்க, மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று கதைக்க. படிப்பிக்காத எழுத்து அந்தப் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்பதில் கடும் கவனம். இல்லாவிட்டால் பிள்ளை படத்தைப் பார்த்து ஊகிக்கப் பழகிவிடும்.

சுற்றாடலில் இங்கே நான்கு பருவத்துக்கும் ஒரே மரத்தைப் பார்த்து வரைவார்கள். உங்களுக்கு வளவில் நிற்கும் வேம்பே போதும், சித்திரையில் பூக்கும்போது வரைந்ததையும் மார்கழி மழையில் வரைந்ததையும் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஆனி மாதம் இந்த வகுப்புக்கு ஒரு வாசிப்புச் சோதனை உண்டு, நாற்பது சொல். அதில் பாதி பொருளில்லாத சொல், பக்கத்தில் வேற்றுக்கிரகவாசியின் படம் போட்டிருக்கும். மனப்பாடமாகவா வாசிக்கிறது, எழுத்துக்கூட்டியா என்று பார்க்க. நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் சிலர் அதைத் தெரிந்த சொல்லாக மாற்றி வாசித்துப் பிழை விடுவதுதான் எனக்குக் கவலை. ஆனால் மாதம் ஒருமுறை 'மடபு', 'கொரமி' என்று நீங்களே நான்கு சொல் எழுதிக் கேட்டால், யார் பாடமாக்கியிருக்கிறார்கள் என்று உடனே தெரியும்.

மாரியில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் பூட்டினால், திறந்த முதல் இரண்டு நாளும் புது எழுத்து எடுக்க வேண்டாம். இங்கே ஐப்பசி லீவு முடிந்து வந்தாலும் அப்படித்தான் செய்கிறோம்.

மாமி புளி உடைக்கும்போது கொட்டையை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இருபது வீதம் முப்பது பேருக்கு அறுநூறு வேணும். கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மூடிப் போத்தலில் போடுங்கள், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். வகுப்பில் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணுங்கள், இந்த வயதில் மூக்குக்குள் போடுகிற ஆள் ஒன்று எப்படியும் இருக்கும்.

அன்புடன்,
உங்கட மச்சாள்