காற்புள்ளி இல்லாத இடம்

அன்புள்ள நண்பர் கணேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். பேத்தி இவ்வாண்டு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். ஓய்வுபெற்ற பின்னும் தாங்கள் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பது மகிழ்ச்சி அளிக்கிறது.

கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களைப் பிள்ளைகள் சிறிய எழுத்தில் தொடங்குவதாக வருந்தியிருந்தீர்கள். தமிழில் இல்லாத வழக்கம் என்பதால் வரும் பிழை அது. நாலு கட்டுரை திருத்தினால் கை பழகிவிடும். காற்புள்ளி அவ்வளவு எளிதில் வசப்படாது. மூச்சு விடும் இடத்தில் அதைப் போடு என்று இன்றும் பல வகுப்புகளில் சொல்கிறார்கள். உரக்க வாசிப்பவருக்கு அது போதும். எழுதுபவர் பொருள் எங்கே பிரிகிறது என்றல்லவா பார்க்க வேண்டும்?

இதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கு ஒன்றைச் சொல்லலாம். அங்குள்ள ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு ஓவர்டைம் கேட்டார்கள். கெட்டுப்போகும் உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது, உறையவைப்பது, உலர்த்துவது போன்ற வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்பது மாநிலச் சட்டம். அந்த வேலைகளின் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிகிறது. 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்னும் விநியோகமும் ஓவர்டைம் இல்லாத தனி வேலையாகி, ஓட்டுநர்கள் வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டியதுதான். அது இல்லாததால், அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதி கட்டும் வேலைக்கு மட்டுமே விலக்கு என்று அவர்கள் வாதிட்டார்கள். அவர்கள் விநியோகித்தார்களே தவிர, பொதி கட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய இன்னொரு வாதம். பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிய, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் 'ஷிப்மென்ட்' போலவே வேறு வடிவில் நிற்கிறது. ஆகவே அது வேலைகளின் வரிசையில் சேராது என்றார்கள். நிறுவனமோ, கடைசி உருப்படிக்கு முன் காற்புள்ளி வேண்டாம் என்று அம்மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே சொல்வதைச் சுட்டிக்காட்டியது. அதுவும் வலுவான வாதம்தான். ஆயினும் சட்டத்தின் சொற்கள் தெளிவாக இல்லை என்றும், ஐயம் இருக்கையில் தொழிலாளர் பக்கமே பொருள்கொள்ள வேண்டும் என்றும் பாஸ்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் தர இசைந்து சமாதானமாகப் போனது. தீர்ப்புக்குப் பின் மாநிலச் சட்டமன்றமும் அந்த வாக்கியத்தை அரைப்புள்ளிகளால் பிரித்து, 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்றும் மாற்றி எழுதியது.

அந்தப் பழைய வரியைக் கரும்பலகையில் எழுதி, ஓட்டுநர்களுக்குக் கூலி உண்டா இல்லையா என்று பிள்ளைகளை இரு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள். யார் வென்றார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்