700 வெள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஆசிரியருக்கு,

எங்கள் புளோக்கில் பெட்ரோல் கார் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கார் நிறுத்தத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உனக்கென்ன தம்பி, பெட்ரோலும் கிடையாது, பெட்ரோல் வரியும் கிடையாது" என்பார். அதில் பாதிதான் உண்மை. மின்சார கார்க்காரர்களும் அந்த வரியைக் கட்டத்தான் செய்கிறோம், வேறு பெயரில்.

சிங்கப்பூரில் மின்சார கார்களுக்கு மோட்டாரின் சக்தியை, அதாவது கிலோவாட்டைப் பார்த்துப் போடும் சாலை வரியோடு, ஒரு நிலையான கூடுதல் தொகையும் உண்டு. 2021இல் 200 வெள்ளி (டாலர்), 2022இல் 400, 2023 முதல் ஆண்டுக்கு 700. பெட்ரோல் வரி எங்களிடமிருந்து வராததால் அதற்கு ஈடாக இது. நியாயம்தான். என் காரும் அதே விரைவுச்சாலையில்தான் ஓடுகிறது, அதே நெரிசலில்தான் நிற்கிறது. கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. எவ்வளவு ஓட்டினாலும் ஒரே 700 என்பதுதான் உறுத்துகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2021 பிப்ரவரியிலிருந்து 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு வரி. அப்படி 700 வெள்ளி வரி கட்டவேண்டுமென்றால் சுமார் 1,060 லிட்டர் போட்டிருக்க வேண்டும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் கார் அதில் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் ஓடிவிடும்.

என் கார் வாரநாள்களில் பலமாடிக் கார் நிறுத்தத்தில் தூங்கும். வேலைக்கு எம்ஆர்டி ரயில். சனிக்கிழமை தேக்கா சந்தை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவது, அவ்வளவுதான். போன ஆண்டு 7,000 கிலோமீட்டர் ஓடியது. அதே தூரத்தை அண்ணன் ஓட்டினால் 500 லிட்டர், 330 வெள்ளி வரி. நான் கட்டியது 700. என்னோடு வேலை செய்யும் நண்பர் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். காலையில் மேற்கே துவாஸ், மாலையில் கிழக்கே சாங்கி என்று ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோல் காராக இருந்தால் 1,400 வெள்ளி வரி போயிருக்கும். அவரும் மின்சார கார்தான், அவருக்கும் 700தான். காரைக் குறைவாக எடுங்கள், பேருந்திலும் ரயிலிலும் போங்கள் என்று சொல்லும் நாட்டில் இது தலைகீழாக இல்லையா?

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் பெட்ரோல் கார்களில் முக்கால் டாங்க் இருக்கவேண்டும் என்பது 1991ஆம் ஆண்டிலிருந்து விதி. இங்கே வரி கட்டாமல் அங்கே போய் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்ற வரியை இவ்வளவு கவனமாகக் காத்துவந்த அரசாங்கம், மின்சார கார் என்றதும் அந்தக் கொள்கையையே விட்டுவிட்டது.

வாங்கும்போது சலுகை கிடைத்ததே என்று சிலர் கேட்பார்கள். சரி, கிடைத்தது. முதலில் 20,000 வெள்ளி வரை இருந்தது, 2024இல் 15,000 ஆனது, 2026இல் 7,500. அது மக்களைப் பெட்ரோலை விட்டு மாறவைக்கத் தந்த ஊக்கம். அதைக் காட்டி ஆண்டாண்டுக் கட்டணத்தை நியாயப்படுத்த முடியாது. தவிர, சலுகை எனக்கும் விற்பனை நண்பருக்கும் ஒன்றாகத்தான் கிடைத்தது.

ஓடிய தூரத்தைப் பார்த்து வரி போட வழி இல்லாமல் இல்லை. சாலைக் கட்டணம் வாங்கும் புதிய இஆர்பி முறை செயற்கைக்கோள் வழி இயங்குகிறது, ஓடிய தூரத்தைக் கணக்கிடும் திறன் அதற்கு உண்டு. போகிற இடமெல்லாம் கண்காணிப்பார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. மூன்று வயதைத் தொட்ட கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையாவது எப்படியும் பரிசோதனைக்குப் போகின்றன. அங்கே மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த சாலை வரியில் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். ஜொகூரில் ஓடிய தூரமும் அதில் சேர்ந்துவிடும் என்பது குறைதான். அதற்கும் சேர்த்துக் கட்டச் சொன்னால்கூட எனக்கு 700 வராது.

ஈசூன் வாசகர்