ஒரு மணல் துகளுக்கு நான்கு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கரடுமுரடான பயணங்களுக்கு ஏற்ற சிறிய கேமராக்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தண்ணீரில் இறக்கலாம், எதையும் யோசிக்க வேண்டியதில்லை." படித்து இரண்டு நாட்களாகியும் மனம் ஆறவில்லை.

அப்படி யோசிக்காமல் இறக்கியவன் நான். 15 மீட்டர் ஆழம் தாங்கும் என்ற கேமரா. நான் இறங்கியது மூன்று மீட்டர்கூட இல்லை. மகள் முதன்முதலாக முகமூடி அணிந்து கடலுக்கடியில் நீந்துகிறாள். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே திரை மங்கி, கோடு கோடாகி, அணைந்துவிட்டது. கரையேறி பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே உப்புத் தண்ணீர். மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள். காலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்து மெமரி கார்டு மாற்றினேனே, அப்போது ஒட்டியது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். கேமரா போனதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் போனதை இன்றும் பொறுக்க முடியவில்லை.

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. மூடியைச் சாத்தும் முன் வளையத்தில் முடியோ தூசியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கடலிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், வளையத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. கையேட்டிலேயே இருக்கும் செய்திகள்தாம். கட்டுரையாளர் கையேட்டைப் புரட்டியிருக்க மாட்டார் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை.

"கீழே விழுந்தாலும் உடையாது" என்பதும் அப்படித்தான். நிக்கான் டபிள்யூ300 கேமராவுக்கு 2.4 மீட்டர் உயரம் வரை என்று சொல்கிறார்கள். அந்தச் சோதனையில் கேமரா விழுவது 5 செ.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையின் மேல். மலையேறுகிறவன் கையிலிருந்து நழுவுவது பாறையில் அல்லவா விழுகிறது? விழுந்து எழுந்த கேமரா அதன் பிறகும் தண்ணீர் தாங்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிட்டால் வாசகர் என்ன நினைப்பார்?

குளிர் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினேன். மைனஸ் 10 டிகிரி வரை கேமரா இயங்கலாம். ஆனால் அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அந்தக் கடிதம் வெளிவரவில்லை. நீருக்கடியில் எடுத்த படங்கள் பச்சையும் நீலமுமாக இருப்பதைத் "தரக் குறைவு" என்று ஒருமுறை எழுதினீர்கள். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறத்தைத் தண்ணீர் உறிஞ்சிவிடுகிறது. அதற்கென்றே இந்தக் கேமராக்களில் நீருக்கடி வெண்சமநிலை, அதாவது படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு, இருக்கிறது. அதற்கும் எழுதினேன். பதில் இல்லை. அதே இதழ்களில் எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது.

இந்தக் கேமராக்கள் மீது எனக்குக் குறையில்லை. லென்ஸ் வெளியே நீளாமல் உடலுக்குள்ளேயே நகர்ந்து ஜூம் செய்வதும், கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான்களும், ஒரு செ.மீ. நெருங்கிப் பாசியைப் படமெடுக்கும் திறனும் எனக்கு மிகவும் பிடித்தவை. அதனால்தான் மறுபடியும் ஒன்று வாங்கினேன். அது மிதக்காது என்பதால் மிதக்கும் கைப்பட்டையும் சேர்த்து வாங்கினேன். அதைப் பற்றியும் தங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, ரப்பர் வளையத்தைப் பார்த்துச் சாத்துங்கள் என்று நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். விடுமுறைக்குக் கடலுக்குப் புறப்படுகிறவர்கள் கிளம்பும் முன் அது வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்