ஸ்நேக் ஆற்றைத் திறந்துவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சால்மன் மீனை மீட்கப் பழங்குடியினரோடு 2023 டிசம்பரில் அரசு செய்துகொண்ட உடன்பாடு, 2025 ஜூனில் அதிபரின் ஆணையால் ரத்தானது. அதனால்தான் எழுதுகிறேன். கொலம்பியா ஆற்றில் கலக்கும் ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள நான்கு அணைகளையும் உடைத்துத் திறக்கச் சட்டம் இயற்றுங்கள்.

மேற்குக் கரையில் சால்மனை டின்னில் அடைக்கும் தொழிலைத் தொடங்கிய ஹியூம் குடும்பத்தை நீங்கள் அறிவீர்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபெக் ஆற்றில் தலைமுறையாகச் சால்மன் பிடித்தவர்கள். 1837-இல் அகஸ்டாவில் அணை எழுந்தது, மீன் குறைந்தது. பிள்ளைகள் கலிஃபோர்னியா வந்து, தகர வேலை தெரிந்த நண்பரோடு 1864-இல் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் கையால் பற்றவைத்த டின்களில் சால்மன் அடைத்தார்கள். பாதி கெட்டுப்போனது. சுரங்கச் சேறு அந்த ஆற்றையும் கெடுக்க, 1866-இல் கொலம்பியா ஆற்றுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு 4,000 பெட்டி. 1880களில் அதே ஆற்றில் ஏறக்குறைய நாற்பது ஆலைகள், ஆண்டுக்கு 6 லட்சம் பெட்டி, பெட்டிக்கு 48 டின். அவர்கள் அளவுமீறி வாரினார்கள், மறுக்கவில்லை. ஆனால் வலையை நிறுத்தினால் மீன் மீண்டும் பெருகும். அணை நின்றால் எப்படிப் பெருகும்? கொலம்பியாவின் முகத்துவாரத்திலுள்ள ஆஸ்டோரியாவின் கடைசிப் பெரிய ஆலையும் 1980-இல் மூடிவிட்டது.

ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரியை நினைத்துப் பாருங்கள். 1992-இல் அங்கே திரும்பிய சாக்கை வகைச் சால்மன் ஒன்றே ஒன்று. ஆண் மீன். 1,400 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு, அந்த நான்கையும் சேர்த்து எட்டு அணை தாண்டி, கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் மேலே வந்து சேர்ந்தது. இணை சேர ஒரு பெண் மீன் இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. ஏறும் மீனுக்கு ஏணி கட்டியிருக்கிறோம் என்கிறீர்கள். கடலுக்கு இறங்கும் விரல்நீளக் குஞ்சு, தேங்கிச் சூடேறிய நீர்த்தேக்கங்களையும் டர்பைன்களையும் எப்படிக் கடக்கும்?

1855 ஒப்பந்தங்களில் பழங்குடியினருக்கு மீன்பிடி உரிமையை உறுதியளித்ததும் இந்த அரசுதான். 1957-இல் அவர்கள் மீன்பிடித்துவந்த செலிலோ அருவியை அணைநீரில் மூழ்கடித்ததும் இந்த அரசுதான். கொடுத்த வார்த்தையை இன்னும் எத்தனை முறை மீறுவீர்கள்? பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் வந்துவிட்டது.

மின்சாரத்துக்கும் கோதுமைப் படகுகளுக்கும் மாற்று வேண்டும் என்பது நியாயமே. அந்த மாற்றுக்கும் நிதி ஒதுக்குங்கள். ஹியூம்களை ஊரைவிட்டு ஓட்டிய அகஸ்டா அணையை 1999-இல் உடைத்தீர்கள். கடலிலிருந்து மீன்கள் கூட்டங்கூட்டமாக ஏறி வந்தன. கிளாமத் ஆற்றில் 2024-இல் நான்கு அணைகள் போயின. சில வாரங்களில் சால்மன் மேலே வந்துவிட்டது. ஸ்நேக் ஆற்றிலும் அணைகளின் மண்கரைகளை அகற்றினால் போதும். அதற்கான சட்டத்தை இந்தக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போர்ட்லண்டில் வாழும் ஒரு தமிழன்