அப்பாவின் மூச்சை மீட்டவர்களுக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

உண்ணிக் காய்ச்சல் முற்றி நுரையீரலைத் தாக்கியதால் பதினோரு நாள்கள் வென்டிலேட்டரில் இருந்த என் தந்தை, இதை நான் எழுதும் வேளையில் திண்ணையில் அமர்ந்து கீரைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சேர்த்த முதல் இரவில் செவிலியர் ஒருவர் அளவு நாடாவுடன் வந்து, நினைவின்றிக் கிடந்தவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தபோது எனக்கு ஈரக்குலை நடுங்கியது. கிடப்பவரை அளப்பதற்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான் உண்டு. என் முகத்தைப் பார்த்த அவர், நுரையீரலின் கொள்ளளவு உடல் எடையைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது என்றும், உயரத்திலிருந்து கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள அப்பாவுக்கு ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 370 மில்லிலிட்டர் காற்றுதான் செலுத்துவோம் என்றும் பொறுமையாக விளக்கினார். அவசரத்தின் நடுவே அந்த இரண்டு நிமிடங்களை எனக்காக ஒதுக்கியதற்கு நன்றி, சகோதரி.

இரண்டாம் நாள் ஆக்சிஜன் அளவு மீண்டும் சரிந்தது. நுரையீரலுக்குள் மடங்கிப்போன காற்றறைகளை அழுத்தம் கொடுத்துத் திறந்து பார்க்கப் போவதாகச் சொன்ன மருத்துவர், மேசைமேல் இருந்த ஈரமான பாலித்தீன் பை ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒட்டிக்கொண்ட பையைப் பிரிக்கத்தான் பலம் வேண்டும்; பிரிந்த பிறகு மீண்டும் ஒட்டாமல் வைத்திருக்க, மூச்சு வெளியேறும்போதும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்றால் போதும். இயற்பியல் ஆசிரியையான நான் பரப்பு இழுவிசையை இதைவிடத் தெளிவாக வகுப்பில் நடத்தியதில்லை. ஆனால் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தியபோது அப்பாவின் ஆக்சிஜன் அவ்வளவாக ஏறவில்லை, இரத்த அழுத்தமோ இறங்கத் தொடங்கியது. மருத்துவர் உடனே நிறுத்திவிட்டார். மார்புக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். மூடிய அறைகள் திறக்காமல், நன்றாக இருக்கும் அறைகள் மட்டும் அளவுக்கு மீறி விரிந்து சேதமடையவும் கூடும் என்றார். இன்னும் ஒருமுறை முயன்று பாருங்கள் என்று நான் கெஞ்சியும் அவர் இணங்கவில்லை. இந்த மடலை எழுத முக்கியக் காரணம் அந்த மறுப்புதான்.

அதன்பின் அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்தீர்கள். தலைமாட்டில் நின்ற மருத்துவர் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, பக்கத்துக்கு இருவராக நால்வர் ஒரே அசைவில் புரட்டியதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நுரையீரலில் முதுகுப்புறம் அமுங்கிக் கிடந்த பகுதிகள், மேலிருந்து அழுத்திய பாரம் விலகியதும் மெல்லத் திறந்தன. ஒரு நாளில் பதினாறு மணி நேரம், அப்படி நான்கு நாள்கள். முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பிவைத்து, கன்னம் புண்ணாகாமலும் கண் உலராமலும் இரவெல்லாம் காத்த செவிலியர்களுக்கும், ஒவ்வொரு முறையும் தோள்கொடுத்த வார்டு ஊழியர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வீடு திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2013இல் வெளியான, பிரான்சில் தொடங்கிய ஆய்வில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 466 நோயாளிகளில் மல்லாந்து படுத்தவர்களில் 32.8 விழுக்காட்டினர் 28 நாள்களுக்குள் இறக்க, குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் அது 16 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. 2017இல் பிரேசில் மருத்துவர்கள் முன்னின்று ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வில், 1010 பேரில் கடும் அழுத்தத்தால் நுரையீரலைத் திறக்க முயன்ற பிரிவில் இறப்பு 55.3 விழுக்காடு, வழக்கமான முறையில் 49.3. நல்லது செய்யும் என்று நம்பிய முறையே கெடுதல் செய்தது என்பதை மறைக்காமல் வெளியிட்ட அவர்களுக்கும், முகமறியாத அந்த நோயாளிகளுக்கும், சம்மதக் கையெழுத்திட்ட அவர்களது உறவினர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அப்பாவின் மருத்துவர் கையை நிறுத்தியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

முதலில் சொல்லியிருக்க வேண்டியவரைக் கடைசியில் சொல்கிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் மருத்துவரம்மா, அப்பாவின் அக்குளில் சிகரெட் சுட்டது போலிருந்த கறுப்புத் தழும்பைக் கண்டு, உண்ணிக் காய்ச்சல் என்று ஊகித்து, டாக்சிசைக்ளின் மாத்திரையை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினார். அம்மா, அடுத்த வாரம் அப்பாவே கீரையுடன் உங்களைப் பார்க்க வருகிறார்.

நன்றியுடன்,
கீரைக்காரரின் மகள்